2012ல் 8.6 அடித்தும் சுனாமி ஏன் வரவில்லை?

#1 மாடிப்படி

வணக்கம். ரொம்ப வருடமாக மனதில் கிடக்கும் சந்தேகம் ஒன்று.

2012 ஏப்ரல் 11. மதியச் சாப்பாடு முடிந்து இருக்கையில் வந்து உட்கார்ந்திருந்தேன். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு கட்டடத்தின் எட்டாவது மாடி. முதலில் எனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். மேஜை மேல் இருந்த பாட்டிலில் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்வதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. எட்டு மாடியும் படியிலேயே இறங்கினோம் (இந்தப் பெயர் வந்த கதை அதுதான்). கீழே வந்தால் எல்லோர் கையிலும் போன், யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. சுமத்ரா பக்கம் 8.6, சுனாமி எச்சரிக்கை என்றார்கள். அம்மா அப்போது கடற்கரையை ஒட்டிய பட்டினப்பாக்கத்தில் இருந்தார். அந்த இரண்டு மணி நேரம் எப்படிப் போனது என்று சொல்லவே வேண்டாம்.

கடைசியில் ஒன்றும் வரவில்லை. மாலைக்குள் எச்சரிக்கையையும் விலக்கிவிட்டார்கள்.

2004ல் 9.1, 2012ல் 8.6. இரண்டுமே சுமத்ரா பக்கம்தான். அரைப் புள்ளி வித்தியாசத்துக்கு ஒன்றில் இரண்டேகால் லட்சம் பேர் போனார்கள், மற்றதில் சொல்லிக்கொள்ளும்படி அலையே இல்லை என்றால் எப்படி? எச்சரிக்கை கொடுத்தவர்கள் தப்புக் கணக்குப் போட்டார்களா?

#2 எண்கணக்கு

இதில் மர்மம் எதுவும் இல்லை. ரிக்டர் கணக்கு சாதாரணக் கணக்கு மாதிரி ஏறாது. ஒரு புள்ளி கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. அரைப் புள்ளிக்கு ஐந்தரை மடங்கு. 2012ல் வந்தது 2004ல் வந்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. அதனால் அலை இல்லை. முடிந்தது.

#3 பாறைக்கிறுக்கன்

எண்கணக்கு தம்பி, பெருக்கல் சரி, முடிவு சரியில்லை. 2010 அக்டோபர் 25ல் அதே சுமத்ராவின் மேற்கே மென்தாவாய் தீவுகளில் வந்தது வெறும் 7.8. ஆனால் சுனாமி வந்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உங்கள் கணக்குப்படி அங்கே அலையே எழுந்திருக்கக் கூடாது.

(நான் முப்பது வருடம் நிலவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ‘ரிக்டர்’ என்பது பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பேர். பெரிய நடுக்கங்களை இப்போது மொமென்ட் மேக்னிட்யூட் என்ற கணக்கில்தான் அளக்கிறார்கள்.)

மாடிப்படி, வீட்டில் ஓர் அண்டா இருந்தால் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். உள்ளங்கையை அடியில் படுக்க வைத்துச் சட்டென்று மேலே தூக்குங்கள். தண்ணீர் மேடாக எழும்பி விளிம்பில் வழியும். மறுபடி அதே உள்ளங்கையை அடியோடு ஒட்டி, அதே வேகத்தில், பக்கவாட்டில் இழுங்கள். மேலே லேசாக ஒரு சுழிப்பு, அவ்வளவுதான். கைக்கு இரண்டு தடவையும் ஒரே வேலை.

2004 முதல் வகை. நம் காலுக்குக் கீழே இருக்கும் இந்தியத் தட்டு என்ற பெரிய பாறைப் பாளம், சுமத்ரா–அந்தமான் வரிசைக்கு மேற்கே கடலடியில் உள்ள அகழியில் கிழக்குப் பக்கமாகச் சரிந்து, பர்மா தட்டு என்ற சின்னத் தட்டுக்கு அடியில் நுழைகிறது. வருடத்துக்கு ஏறத்தாழ 5 செ.மீ. ஆனால் வழுக்கிக்கொண்டு போவதில்லை. மழைக்காலத்தில் ஊறிப்போன மரக்கதவு நிலையோடு இறுகிக்கொள்ளுமே, அப்படி மாட்டிக்கொள்ளும். கீழே போகிற தட்டு, மேலே இருக்கிற தட்டின் விளிம்பையும் சேர்த்து இழுத்து வளைத்துக்கொண்டே போகும். நூற்றாண்டுக் கணக்கில். ஒரு நாள் பிடி விடும். 2004 டிசம்பர் 26 காலை நம் நேரம் 6.28க்கு விட்டது. வளைந்திருந்த விளிம்பு மேலே துள்ளியபோது அதன் தலைமேல் இருந்த கடலும் சேர்ந்து எழுந்தது. சிமெலூ தீவுக்குப் பக்கத்தில் தொடங்கிய முறிவு வடக்கே அந்தமான் வரை சுமார் 1300 கி.மீ. கிழிந்துகொண்டே போனது. முழுதும் கிழிய எட்டிலிருந்து பத்து நிமிடம்.

2012 இரண்டாவது வகை. தட்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. இரண்டு பஸ் பக்கத்தில் பக்கத்தில் உரசிக்கொண்டு எதிரெதிராகப் போவது மாதிரி, கடலடிப் பாறை பக்கவாட்டில் நகர்ந்தது. தண்ணீரைத் தூக்க அங்கே ஆள் இல்லை.

எச்சரிக்கை கொடுத்ததில் தப்பே கிடையாது. எவ்வளவு பெரிது, எங்கே என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். எந்தத் திசையில் நகர்ந்தது என்று உறுதி செய்ய இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும். அலை நிஜமாகவே கிளம்பியதா என்பதைக் கடலில் மிதக்கும் கருவிகளும் துறைமுக அளவிகளும்தான் சொல்ல வேண்டும். 8.6 என்று பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கும் மையத்தைத்தான் நாம் திட்ட வேண்டும்.

#4 மாடிப்படி

சார், ரொம்ப நன்றி. அண்டாவுக்குப் பதில் குளியலறை பக்கெட்டில் செய்து பார்த்தேன். வீட்டில் திட்டு விழுந்தது, ஆனால் புரிந்தது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. நிலநடுக்கம் தட்டுகளின் எல்லையில்தான் வரும் என்று பள்ளியில் படித்தோம். 2012ல் வந்த இடம் அகழிக்கு இந்தப் பக்கம், நடுக்கடல் இல்லையா? அங்கே என்ன எல்லை இருக்கிறது?

#5 பாறைக்கிறுக்கன்

நல்ல கேள்வி. அங்கே புத்தகத்தில் போடுகிற எல்லைக்கோடு எதுவும் கிடையாது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்களுக்கே அது தூக்கிவாரிப் போட்டது. கருவிகளில் பதிவான பக்கவாட்டு நடுக்கங்களில் அதுதான் மிகப் பெரியது. 8.6 வந்து இரண்டு மணி நேரத்தில் 8.2 ஒன்றும் வந்தது. அதுவும் பக்கவாட்டுதான்.

பழைய படங்களில் இந்தியாவையும் ஆஸ்திரேலியாவையும் ஒரே தட்டாகக் காட்டியிருப்பார்கள். ஆனால் அந்தத் தட்டின் இந்தியப் பக்கம் இமயமலையில் முட்டிக்கொண்டு திணறுகிறது. ஆஸ்திரேலியப் பக்கத்துக்கு அப்படி முட்டுக்கட்டை இல்லை, அது இந்தோனேசியாவுக்கு அடியில் சுலபமாக நுழைகிறது. ஒரே கட்டையின் ஒரு முனையைப் பிடித்து நிறுத்திவிட்டு மறுமுனையைத் தள்ளினால் நடுவில் முறுக்கம் ஏறத்தானே செய்யும்? அங்கே கடலடியில் தெற்கு வடக்காகப் பழைய விரிசல்கள் வேறு ஏற்கெனவே இருக்கின்றன. கடல் தரை உருவான காலத்துத் தழும்புகள். அன்றைக்கு அவற்றில் சிலதும், அவற்றுக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாகக் குறுக்கே போகும் வேறு சில பிளவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொடுத்தன. ஒரு தட்டு இரண்டாகப் பிரிவதைக் கண்ணெதிரே பார்க்கிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. பிரிந்து முடிக்க லட்சக்கணக்கான வருடம் ஆகும், அவசரமில்லை.

‘எல்லையில்தான் வரும்’ என்பதை மகாராஷ்டிரத்து லாத்தூர்க்காரர்களிடம் சொல்ல முடியாது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை, கில்லாரி. 6.2தான். தக்காணத்தின் நடுவில், எந்த எல்லைக்கும் பக்கத்தில் இல்லாத ஊர். மண் வைத்துக் கட்டிய கல் சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்து பத்தாயிரம் பேர் அளவுக்கு இறந்தார்கள். வடக்கே இருந்து வரும் நெருக்கல் தட்டு முழுக்கப் பரவுகிறது. எங்கே பழைய புண் இருக்கிறதோ அங்கே வலிக்கிறது.

#6 திருமலையான்

வணக்கம் அண்ணை. நான் திருகோணமலை. 2004ல எனக்குப் பதினாறு வயது.

ஒரு விசயம் எனக்கு எப்பவும் குழப்பம். டிவியில எல்லாரும் சொல்றது ‘கடல் உள்வாங்கினால் ஓடுங்கோ’ எண்டுதான். தாய்லாந்து வீடியோக்களிலயும் முதல்ல கடல் வத்திப்போய் மீன் துடிக்கிறதைக் காட்டுவினம். ஆனால் எங்கட பக்கம் முதல் முதல் வந்தது தண்ணிதான். கரையில நிண்ட எங்களுக்கு ஒரு அறிகுறியும் இல்லை. பூமியதிர்ச்சி நடந்ததே தெரியாது. கடல் சும்மா உயர்ந்து ரோட்டுக்கு வந்தது, வள்ளங்களைத் தூக்கி வேலிக்கு மேலால போட்டது. அதுக்குப் பிறகுதான் வத்தினது. நான் அதுவரைக்கும் காணாத பாறைகள் எல்லாம் தெரிஞ்சுது. வேடிக்கை பார்க்கப் போன ஆக்கள் அடுத்த அலையில போயிட்டினம். என்ர மாமாவும்.

அது ஏன் எங்களுக்கு ஒரு மாதிரி, தாய்லாந்துக்கு ஒரு மாதிரி?

#7 பாறைக்கிறுக்கன்

தம்பி, மாமாவைப் பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

நீங்கள் பார்த்தது சரி. மேலே துள்ளியது தட்டின் மேற்கு விளிம்பு, அகழிப் பக்கம். அது எழும்பியபோது அதற்குக் கிழக்கே இருந்த பகுதி கீழே இறங்கியது. பாயின் ஓரத்தைத் தூக்கினால் பின்னால் பள்ளம் விழுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக மேற்கு நோக்கி, அதாவது இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும், முதலில் கிளம்பியது மேடு. கிழக்கு நோக்கித் தாய்லாந்துக்கு முதலில் போனது பள்ளம். அங்கே கடல் வற்றிவிட்டு வந்தது, இங்கே வந்துவிட்டு வற்றியது. ‘உள்வாங்கினால் ஓடு’ என்பது பாதிப் பாடம்தான்.

அந்த ஏற்ற இறக்கத்தை இன்றைக்கும் கண்ணால் பார்க்கலாம். வட அந்தமானின் மேற்குக் கரையில் பவளப்பாறைகள் கடலுக்கு மேலே வந்து காய்ந்து வெளுத்துப்போயின. போர்ட் பிளேர் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியில் இந்திரா முனை நாலு மீட்டருக்கும் மேல் இறங்கியது. தரையில் நின்ற கலங்கரை விளக்கம் அதற்குப் பிறகு தண்ணீருக்குள் நிற்கிறது.

இன்னொன்று. முறிவு தெற்கு வடக்காக நீண்டு கிடந்ததால் அலை பலமாகப் பாய்ந்தது அதற்குச் செங்குத்தான திசைகளில், கிழக்கிலும் மேற்கிலும். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேல். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல். வடக்கே, தாழ்வான கரையும் நெருக்கமான ஜனமும் உள்ள வங்கதேசம் அநேகமாகத் தப்பியது.

சிமெலூ தீவு அந்த முறிவின் வாசலிலேயே இருக்கிறது. அங்கே 1907ல் ஒரு பெரிய அலை வந்து நிறையப் பேரைக் கொண்டுபோயிருந்தது. அதற்கு அவர்கள் ‘ஸ்மோங்’ என்று பேர் வைத்து, பாட்டிமார்கள் தாலாட்டிலும் கதையிலும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். 2004ல் தரை ஆடி நின்றதும் ‘ஸ்மோங், ஸ்மோங்’ என்று கத்திக்கொண்டு ஊரே மலைக்கு ஏறிவிட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்தான் என்று கணக்கு. நமக்கு அப்படி ஒரு சொல்கூட இல்லை. சுனாமி என்று ஜப்பான்காரனிடம்தான் கடன் வாங்கினோம்.

#8 பஃறுளியாறு

சொல் இல்லை என்று சொல்லாதீர்கள் ஐயா. கடல்கோள் என்று சொல்லி வைத்தவர்கள் நாம். குமரிக்கண்டம் மூழ்கியதும் இதே தட்டு நகர்வால்தானே? அதையும் விளக்கினால் நன்றாக இருக்கும்.

#9 பாறைக்கிறுக்கன்

கடல்கோள் என்ற சொல்லை மறந்தது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். நல்ல சொல். ஏட்டில் இருந்தது, கரையில் நின்றவர்கள் வாயில் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

ஆனால் கண்டம் மூழ்கியது என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கண்டத்துப் பாறை லேசானது, கடலடிப் பாறை கனமானது. கண்டம் கட்டை மாதிரி மிதந்துகொண்டுதான் இருக்கும், கடலுக்குள் அப்படியே முழுகாது. குமரிக்குத் தெற்கே ஆழ்கடல் தரை எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை, வயது கோடிக்கணக்கான ஆண்டுகள். அதே சமயம், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்து இருந்தது. அன்று ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருகிக் கடல் ஏறியபோது கரையோரம் நிறைய நிலம் போனது உண்மை. பழைய நினைவு எதற்காவது வேர் இருக்குமென்றால் அங்கே தேடலாம். தட்டு நகர்வில் தேடாதீர்கள். இதற்கு மேல் குமரிக்கண்டத்துக்குத் தனி இழை திறந்துகொள்ளலாம், அங்கே சண்டை போடுவோம்.

#10 எண்கணக்கு

சார், என்னைத் திருத்தினீர்கள், இப்போது என் முறை. ‘பக்கவாட்டு என்றால் சுனாமி இல்லை’ என்று இங்கே எல்லோரும் மனப்பாடம் செய்துவிடப் போகிறார்கள். 2018 செப்டம்பர் 28, இந்தோனேசியாவின் சுலாவேசியில் பாலு நகரம். 7.5, சுத்தமான பக்கவாட்டு வகை. சுனாமி வந்தது. நாலாயிரத்துக்கும் மேல் இறப்பு.

#11 பாறைக்கிறுக்கன்

சபாஷ். ஒப்புக்கொள்கிறேன். பாலு ஒரு குறுகலான, நீளமான வளைகுடாவின் கடைக்கோடியில் இருக்கிறது. நடுக்கத்தில் வளைகுடாவின் சரிவுகளில் கடலுக்கடியில் மண் சரிந்தது அலைக்கு முக்கியக் காரணம். அலையைவிட ஊருக்குள் நடந்தது இன்னும் பயங்கரம். ஈரமண் கூழாகி வீடுகளோடு தெருக்கள் அப்படியே வழுக்கிக்கொண்டு போயின. 2012ல் நடுக்கடலில் அப்படிச் சரிய எதுவும் இல்லை.

#12 கம்பிகட்டி

சிவில் ஆள் ஒருவன் நடுவில் புகுந்து பேசலாமா? தட்டு எப்படி நகர்ந்தது என்று சொல்வீர்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதை அது மட்டும் முடிவு செய்வதில்லை. 2010 ஜனவரியில் ஹைட்டி, 7.0. அடுத்த மாதமே சிலி, 8.8. ஆற்றல் கணக்கில் சிலியில் வந்தது ஐந்நூறு மடங்கு. ஹைட்டியில் லட்சத்துக்கும் மேல் இறந்தார்கள், சிலியில் சுமார் ஐந்நூறு பேர். சிலி 1960ல் 9.5ஐப் பார்த்த நாடு, இதுவரை அளந்ததில் அதுதான் பெரியது. வாங்கின அடியில் கட்டட விதியை ஒழுங்காக எழுதினார்கள்.

மண்ணும் ஒரு காரணம். 1985ல் மெக்சிகோ சிட்டியை இடித்த நடுக்கத்தின் மையம் முன்னூறு கி.மீ.க்கும் மேல் தள்ளி, பசிபிக் கரையில். ஆனால் ஊர் கட்டியிருப்பது தூர்ந்துபோன ஏரி மேல். அந்தச் சேறு, தட்டில் வைத்த அல்வா மாதிரி, இரண்டு விநாடிக்கு ஒரு ஆட்டம் என்று ஆடியது. ஊஞ்சலை அது வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் உயரம் ஏறும் இல்லையா? நடுத்தர உயரக் கட்டடங்களுக்கு அதேதான் நடந்தது. சின்ன வீடுகள் பல தப்பித்தன. மாடிப்படி, நீங்கள் எட்டாவது மாடியில் உணர்ந்ததைத் தரைத்தளத்தில் இருந்த வாட்ச்மேன் உணர்ந்திருக்கவே மாட்டார், கேட்டுப் பாருங்கள்.

எனக்கு வயிற்றைக் கலக்குவது வேறு. 2001 ஜனவரி 26 குஜராத்தின் பூஜ் நடுக்கத்தில், மையத்திலிருந்து இருநூறு கி.மீ.க்கும் மேல் தள்ளி இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. விழுந்தவை பெரும்பாலும் கீழே கார் நிறுத்த வெறும் தூண் மட்டும் விட்டு, முதல் மாடியிலிருந்து சுவர் கட்டியவை. மேலே பெட்டி மாதிரி விறைப்பு, கீழே குச்சிக்கால். சென்னையில் நம் தெருவில் ஒரு நடை போய்ப் பாருங்கள், எத்தனை அப்படி நிற்கின்றன என்று. அதே 2001 செப்டம்பர் 25ல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 வந்து சென்னை ஆடியது. அடுத்த வருடம் கட்டட விதிப்புத்தகம் திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் நிலநடுக்க அபாய மண்டலத்திலிருந்து, அதைவிட அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களின் முனையை உள்பக்கம் 135 டிகிரி மடக்கச் சொன்னதற்கு, ‘இங்கே என்ன பூகம்பமா வரப்போகுது’ என்று சிரித்தார்கள். அந்தக் கொக்கி நேராக விட்டிருந்தால் ஆட்டத்தில் வளையம் பிரியும், தூண் பிதுங்கும்.

#13 கோள்நிலை

வரும் மாதம் மூன்று கிரகங்கள் நெருங்குகின்றன. பெரிய நடுக்கம் நிச்சயம். பலமுறை சொல்லிப் பலித்திருக்கிறது.

#14 மட்டுறுத்துநர்

உலகத்தில் 6க்கு மேல் மட்டும் வருடத்துக்கு நூற்றுக்கும் அதிகமாக வருகிறது. ‘வரும்’ என்று எந்த மாதம் சொன்னாலும் பலிக்கும். தேதி, இடம், அளவு மூன்றையும் சேர்த்துச் சொல்ல இன்றுவரை யாராலும் முடியவில்லை. இழை திசை மாற வேண்டாம்.

#15 திருமலையான்

2025 மார்ச் மியன்மார் நடுக்கமும் எங்கட தட்டுதானோ அண்ணை? அந்த சிசிடிவி வீடியோ பார்த்தீங்களோ?

#16 பாறைக்கிறுக்கன்

பார்த்தேன், ஒரு முப்பது தடவை. சகாயிங் பிளவுக்குப் பக்கத்தில் ஒரு வளாகத்தின் கேட்டைப் பார்த்து வைத்திருந்த கேமரா. முதலில் எல்லாம் குலுங்குகிறது, கேட் தானாக நகர்கிறது. அப்புறம், பின்னால் இருக்கும் தரை, செடி கம்பத்தோடு சேர்த்து, யாரோ கம்பளத்தை இழுத்தது மாதிரி ஒரே இழுப்பில் நகர்ந்து நிற்கிறது. 2.5 மீட்டர், 1.3 விநாடியில் என்று அதை வைத்தே கணக்கிட்டிருக்கிறார்கள். முப்பது வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியதை அன்றுதான் நானே முதல்முறை பார்த்தேன்.

ஆமாம், நம் தட்டுதான். இந்தியத் தட்டு வடக்கே போகிறது, சுமத்ரா–அந்தமான் அகழியோ கொஞ்சம் சாய்வாகக் கிடக்கிறது. அதனால் மோதல் நேர் மோதலாக இல்லாமல் உரசலும் சேர்ந்து வருகிறது. அடியில் நுழைகிற வேலையை அகழி பார்த்துக்கொள்கிறது. உரசி நகரும் வேலையை உள்ளே தள்ளி இருக்கும் பிளவுகள் ஏற்கின்றன. தெற்கே அதற்குப் பேர் சுமத்ராப் பிளவு, வடக்கே நிலத்தில் ஏறினால் சகாயிங். 2004ல் கிழிந்ததும் 2025ல் கிழிந்ததும் ஒரே குடும்பச் சண்டையின் இரண்டு முகம். வடக்குப் பக்கச் சண்டைதான் நேபாளம், 2015ல் 7.8.

மாடிப்படி, இனிமேல் எங்காவது பெரிய நடுக்கம் என்று செய்தி வந்தால் எண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். அமெரிக்க நிலவியல் துறையின் பக்கத்தில் அந்த நடுக்கத்துக்கு உரிய ‘பீச் பால்’ படம் ஒன்று இருக்கும். ஒரு வட்டம், உள்ளே நிறமும் வெள்ளையும். முதல் அதிர்வு தங்களைத் தள்ளியதா இழுத்ததா என்று உலகம் முழுக்க உள்ள கருவிகள் சொன்னதை வைத்துப் போடுவது. நாலு துண்டாக வெட்டிய கேக் மாதிரி இருந்தால் பக்கவாட்டு. நடுவில் நிறம், இரு ஓரமும் வெள்ளை என்றால் ஒரு பக்கம் மேலே ஏறியிருக்கிறது. நடுவில் வெள்ளை என்றால் ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கிறது.

#17 மாடிப்படி

சார், நேற்று ராத்திரி உட்கார்ந்து இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். 2012, நீங்கள் சொன்ன அதே கேக். சந்தேகமே இல்லை.

2004 மட்டும் நீங்கள் சொன்னது போல் இல்லை. ஒரு பாதி முழுக்க நிறம், மறுபாதி முழுக்க வெள்ளை. நடுவில் நிறம், இரு ஓரம் வெள்ளை என்றீர்களே? தப்பான படத்தைப் பார்க்கிறேனா?

#18 பாறைக்கிறுக்கன்

சரியான படம்தான். நான் சொன்னது முறிவு நாற்பத்தைந்து டிகிரி அளவில் சாய்ந்திருந்தால் வரும் உருவம். 2004ல் முறிந்த தளம் கிட்டத்தட்டப் படுத்தே கிடந்தது, கிடைமட்டத்திலிருந்து பத்து டிகிரி அளவுதான் சரிவு. அவ்வளவு படுத்திருந்தால் ஒரு வெள்ளை ஓரம் வட்டத்தின் விளிம்போடு ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாத கீற்றாகிவிடும், மறு வெள்ளை அகன்று பாதியை அடைத்துக்கொள்ளும். 2011 ஜப்பான் படத்தையும் திறந்து பாருங்கள், அதே ஜாடைதான் இருக்கும்.

#19 மாடிப்படி

பார்த்தேன். அதே ஜாடை.

பின்குறிப்பு: எங்கள் அடுக்குமாடியின் கீழே இறங்கிப் போய்த் தூண்களை எண்ணினேன். பதினாறு. சுவர் ஒன்றுகூட இல்லை. கம்பிகட்டி சார், உங்களுக்குத் தனி மடல் அனுப்பியிருக்கிறேன்.